பதினாலாம் பாடத்து மாடுகள்

எனக்கு ஒரு வியாதி உண்டு. அடுத்தவர் தப்பைத் திருத்தாமல் என்னால் இருக்க முடியாது. கல்யாணப் பத்திரிகையைக் கையில் கொடுத்தால் மாப்பிள்ளை யார் என்று பார்ப்பதற்கு முன் பிழை எங்கே என்று பார்ப்பேன். (துக்கக் காகிதத்திலும் அப்படித்தான். செத்தவர் பெயரைத் தப்பாக அச்சடித்திருந்தால் எனக்கு அழுகை வராது, ஆத்திரம்தான் வரும்.)

இந்த வியாதி முற்றிப் போயிருந்த காலத்தில் நான் மாட்டைத் திருத்தினேன். ஒரு ஜோடி மாடு. அவை எப்படி நடக்க வேண்டும் என்று நாற்பது பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அதனால் நான்கு பெண்களைப் பெற்ற ஒரு சாதுவான மனிதரின் வேலை போக இருந்தது. இத்தனை வருஷம் கழித்தும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. கூடவே சிரிப்பும் வந்து தொலைக்கிறது, என்ன செய்ய.

அறுபதுகளின் தொடக்கம். ரங்கூனில், அலோன் பக்கம், ஆற்றங்கரைக் கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு சின்னத் தமிழ்ப் பள்ளிக்கூடம். மரக் கட்டடம், தகரக் கூரை. மழை பிடித்துக்கொண்டால் நாம் நடத்தும் பாடம் நமக்கே கேட்காது. பிள்ளைகளின் அப்பாமார்கள் பெரும்பாலும் ஜெட்டியில், அதாவது கப்பல் அணையும் துறையில், மூட்டை தூக்குபவர்கள், கயிறு சுற்றிப் பாரம் தூக்கும் வின்ச் ஓட்டுபவர்கள். கணக்கு, பூகோளம் எல்லாம் பர்மிய மொழியில். தினம் ஒரு மணி நேரம் மட்டும் தமிழ் வாசிப்பு.

அந்தத் தமிழுக்கு இரண்டு பேர் இருந்தோம். மேல் வகுப்புக்கு நான், சரோஜா டீச்சர், வயது இருபத்திரண்டு, கையில் டிரெயினிங் முடித்த சர்டிபிகேட், தலையில் அதைவிடப் பெரிய கனம். கீழ் வகுப்புகளுக்கு ஆரோக்கியம் சார். மிஷன் பள்ளியில் படித்தவர். நாற்பதைத் தாண்டியவர். பதினைந்து வருஷமாகப் பாடம் சொல்லித் தருகிறார், ஆனால் சர்டிபிகேட் கிடையாது. குரலை உயர்த்தத் தெரியாத மனிதர். ஈ மொய்த்தால்கூட "போயிடும்மா" என்றுதான் சொல்வார்.

ஒரு நாள் ஹெட்மாஸ்டர் சிவக்கொழுந்து ஐயா எங்கள் இருவரையும் கூப்பிட்டார். மேஜை மேல் ஒரு கடிதம்.

"இன்ஸ்பெக்டர் வர்றாராம். ஊ சான் லின்னு பேரு. அடுத்த மாசம்."

"வரட்டுமே ஐயா" என்றேன் நான். (அப்போது எனக்கு யாரைக் கண்டும் பயம் கிடையாது. பயப்படுவதற்கும் கொஞ்சம் விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.)

"கேளும்மா முழுசா. இந்தப் பிள்ளைங்க இங்கயே பொறந்து இங்கயே வளருதுங்க. தமிழ் வாசகப் புத்தகம் படிக்கறதால அதுங்களுக்கு உலக விஷயம் ஏதாச்சும் மண்டையில ஏறுதா, இல்ல கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்குதுங்களா, அதைப் பார்க்க வர்றார். வெறும் ஒப்பிக்கிறதுதான்னா, தமிழ் மணியைப் பாதியாக்கச் சொல்லி எழுதிடுவார்."

"பாதியானா?" என்று கேட்டார் ஆரோக்கியம் சார்.

"பாதியானா ஒரு வாத்தியார் போதும்னு கமிட்டி சொல்லுது." ஐயா சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒருத்தர்னா, சர்டிபிகேட் உள்ளவங்கதான்."

ஆரோக்கியம் சார் தன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். மூத்த பெண்ணுக்கு அந்த வருஷம்தான் வரன் பார்க்கத் தொடங்கியிருந்தார். அதை நினைத்த வேகத்தில் என் வாய் திறந்தது. "கவலைப்படாதீங்க சார். நான் பார்த்துக்கறேன்" என்றேன்.

பார்த்துக்கொண்டேன்.

ஐயா எனக்குக் கொடுத்த வேலை இது: ஐந்தாம் வகுப்பு வாசகத்தில் முப்பது பாடம். ஒவ்வொன்றாலும் பிள்ளைக்கு என்ன புது விஷயம் தெரிய வருகிறது என்று அலசி ஒரு அறிக்கை எழுத வேண்டும். அதை பர்மிய மொழியில் தட்டச்சுச் செய்து இன்ஸ்பெக்டருக்கு முன்கூட்டியே அனுப்புவது. நான் பெரிய தாளில் மூன்று கட்டம் போட்டேன். பாடத்தின் பெயர், புதுச் சொற்கள், உலக அறிவு. கடைசிக் கட்டத்தில் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டேன். பிள்ளைகளுக்குப் போடுவதைப் போலப் புத்தகத்துக்கே மார்க்! இதைவிட இன்பம் வேறு என்ன இருக்கிறது எனக்கு?

வீட்டில் சாப்பாட்டு மேஜை முழுக்கத் தாளைப் பரப்பி வைத்துக்கொண்டு நான் சிவப்பு மையால் வெட்டுவதைப் பார்த்த தம்பி கணேசன், "அக்கா, இந்தப் புஸ்தகம் எழுதின மனுஷன் உன் கையில கிடைச்சா என்ன ஆவான்?" என்று கேட்டான். "திருந்துவான்" என்றேன்.

இப்போது பதினாலாம் பாடத்துக்கு வருகிறேன். பாடத்தின் பெயர் 'கமலை'. தமிழ்நாட்டு வயல்காட்டைப் பார்த்தவர்கள் இப்போதே சிரிக்க ஆரம்பித்திருப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள், பார்க்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

கமலை என்பது கிணற்றிலிருந்து மாடு கட்டி நீர் இறைப்பது. கிணற்றுக்கு மேலே ஓர் உருளை. அதன் மேல் ஒரு தடித்த கயிறு, வடம் என்பார்கள். வடத்தின் ஒரு முனையில் பெரிய வாளி, மறு முனையில் இரண்டு மாடுகள். கிணற்றை விட்டு ஒரு சரிவு இறங்குகிறது. மாடுகள் சரிவில் இறங்கினால் வாளி நிறைந்து மேலே வரும். நீரைக் கொட்டியதும், மாடுகள் அதே சரிவில் பின்னோக்கி நடந்து மேலே ஏறும், வாளி மறுபடி கிணற்றுக்குள் போகும். இதுதான் பாடத்தில் இருந்தது. ஓட்டுகிறவர் இறங்கும்போது வடத்தின் மேல் உட்கார்ந்துகொள்வார் என்றும் இருந்தது. கூடவே ஒரு படம். அச்சு மை இழுவிப்போய் அதில் மாடு எது, மரம் எது என்றே தெரியவில்லை.

நான் பிறந்தது ரங்கூன் ஆஸ்பத்திரி. வளர்ந்தது ரங்கூன் தெரு. என் அப்பாவே துறைமுக ஆபீசுக்கும் வீட்டுக்கும் நடந்ததைத் தவிர வேறு எங்கும் நடந்ததில்லை. கமலை என்றால் எனக்கு என்ன தெரியும்? ஆனால் தெரியாது என்று ஒப்புக்கொள்வது டிரெயினிங்கில் சொல்லித் தராத பாடம். மாடு பின்னோக்கி நடக்குமாம்! நான் பார்த்த மாடுகளெல்லாம் வண்டி இழுத்து முன்னால்தான் போயின. சின்ன வயதில் பெகு போகும் வழியில் ஒரு எள் செக்கு பார்த்திருந்தேன். மாடு செக்கைச் சுற்றிச் சுற்றி வரும். ஆகவே, கமலையிலும் மாடு கிணற்றைச் சுற்றித்தான் வர வேண்டும் என்று முடிவு கட்டினேன். 'பின்னோக்கி' என்பது அச்சுக் கோத்தவன் தூக்கக் கலக்கத்தில் செய்த பிழை. கயிற்றின் மேல் மனிதன் உட்காருவது அதைவிடப் பெரிய பிழை.

வகுப்பில் பலகை நிறையப் படம் போட்டேன். நடுவில் வட்டமாகக் கிணறு, சுற்றிலும் மாட்டுக்கு ஒரு பாதை. பிறகு நாற்பது பிள்ளைகளையும் புத்தகத்தைத் திறக்கச் சொல்லி, 'பின்னோக்கி' என்பதைச் சிவப்பு மையால் அடித்து, மேலே 'முன்னோக்கிச் சுற்றி' என்று எழுத வைத்தேன். மைக்கூட்டை நானே பெஞ்சு பெஞ்சாகக் கொண்டுபோனேன்.

ஒரே ஒரு பிள்ளை எழுந்து நின்றது. வள்ளி. அப்பா ஜெட்டியில் வின்ச் ஓட்டுகிறவர். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, கேள்வி மட்டும் படியாது.

"டீச்சர், மாடு சுத்திக்கிட்டே இருந்தா வாளி எப்படித் திரும்பக் கீழ போகும்?"

"அதிகப்பிரசங்கி. உட்காரு. அடி."

அடித்தாள். (சிவப்பு மையால் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.)

நான் விடுப்பு எடுத்தால் என் வகுப்பை ஆரோக்கியம் சார் பார்த்துக்கொள்வார் என்பதால் அவரிடமும் புத்தகத்தில் ஒரு பிரதி உண்டு. அவர் என் படத்தை நெடுநேரம் பார்த்தார். "டீச்சர், புஸ்தகம் போட்டவங்க தெரியாமயா போட்டிருப்பாங்க?" என்றார் மெதுவாக.

"அச்சுப்பிழை சார். நம்ம பிள்ளைங்க தப்பா படிக்கலாமா?"

"நீங்க சொன்னா சரிதான்" என்று என் மைக்கூட்டில் தொட்டு அவரும் அடித்துக்கொண்டார்.

அறிக்கையில் கமலைக்கு நான் போட்டது பத்துக்கு இரண்டு. 'மாடுகள் பின்னோக்கி நடப்பதாகத் தவறான செய்தி உள்ளது. ஆசிரியையால் திருத்தப்பட்டது' என்று ஒரு குறிப்பும் எழுதினேன். அதுவும் பர்மிய மொழியில் தட்டச்சாகி, கவரில் ஏறி, இன்ஸ்பெக்டர் மேஜைக்குப் போய்ச் சேர்ந்தது.

இன்ஸ்பெக்டர் வருகிற நாள் வந்தது. ஊ சான் லின் ஒல்லியானவர். இஸ்திரி போட்ட லுங்கி, வெள்ளைச் சட்டை, கக்கத்தில் தோல் பை. சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. ஐயா கடையிலிருந்து லபெயே வரவழைத்துக் கொடுத்தார். அவர் கோப்பையைத் தொடவில்லை. தேநீர் ஆறி மேலே ஆடை படிவதையே ஐயா கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

என் வகுப்பில் பின்பெஞ்சில் உட்கார்ந்தார். பையிலிருந்து என் அறிக்கையை எடுத்தார். அதில் ஓர் இடத்தில் பென்சிலால் கோடு போட்டிருந்தது தூரத்திலிருந்தே தெரிந்தது. என் அறிக்கையை ஒருவர் கோடு போட்டுப் படித்திருக்கிறார் என்று எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வாசலில் நின்ற ஆரோக்கியம் சாரைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினேன். அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

முதலில் பனை பற்றிக் கேட்டார். பர்மிய மொழியில் கேட்டார், பிள்ளைகளும் அதில்தான் பதில் சொன்னார்கள். பனஞ்சாறு இங்கேயும் விற்பதுதானே, படபடவென்று சொன்னார்கள். அடுத்து ஏரி. ஏரிக்கரையில் மதகு எதற்கு என்று கேட்டார். ஒப்பித்தார்கள், ஒரே குரலில், ஒரே இடத்தில் மூச்சு வாங்கி. அவர் பென்சிலால் பெஞ்சில் தட்டினார். "உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்" என்றார். பிள்ளைகள் அதே வரியை முதலிலிருந்து ஒப்பித்தார்கள். இன்ஸ்பெக்டர் குறிப்பேட்டில் ஏதோ எழுதினார். நீளமாக எழுதினார்.

ஆரோக்கியம் சார் வாசற்படியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மதகை நானும் ஒப்பித்துத்தான் நடத்தினேன் என்பது அந்த நிமிஷம் எனக்கு உறைத்தது.

"பதினாலாம் பாடம்" என்றார்.

அப்பாடா என்றிருந்தது எனக்கு. பதினாலாம் பாடத்தில் ஒப்பித்தல் கிடையாது, என் சொந்தச் சரக்கு. அவர் பெஞ்சு பெஞ்சாக நடந்தார். புத்தகத்துக்குப் புத்தகம் ஒரே இடத்தில் ஒரே சிவப்புக் கோடு. வள்ளியின் புத்தகத்தில் மட்டும் குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து கேட்டார்.

"மாடு எப்படி நீர் இறைக்கும்?"

"சுற்றிச் சுற்றி வரும்!" நாற்பது குரல், கூரை அதிர்ந்தது. நான் பூரித்துப் போனேன்.

"நடித்துக் காட்டுங்கள்" என்றார் இன்ஸ்பெக்டர்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். "நேரமாகிறதே" என்று ஐயா இழுத்தார். நான் விடவில்லை. "எல்லாரும் வெளிய வாங்க!" என்று கூவிக்கொண்டு முன்னால் நடந்தேன்.

பள்ளிக்கூட முற்றத்தில் மழை நீர் பிடிக்கும் தகர டிரம் ஒன்று உண்டு. அது கிணறு. அதற்கு மேலே தாழ்வாரத்து உத்தரம், அதுதான் உருளை. விளையாட்டு நாளில் கயிறு இழுக்கும் நீளக் கயிற்றை எடுத்துவரச் செய்து, உத்தரத்தின் மேல் போட்டு, ஒரு முனையில் வாளியைக் கட்டினேன். மறு முனை மாடுகளுக்கு. மாடுகள் தாமசும் முனியாண்டியும், வகுப்பிலேயே பெரிய உருவங்கள். மேலே வரும் வாளியைப் பிடித்துக் கொட்ட ஒரு ஆள் வேண்டும். பிள்ளைகளுக்கு எட்டாது. இன்ஸ்பெக்டர் ஹெட்மாஸ்டரைப் பார்த்தார். ஐயா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டிரம்முக்குப் பக்கத்தில் போய் நின்றார். பாவம், அன்றைக்கென்று சலவை வேட்டி.

"ஹை, ஹை!" என்றேன். மாடுகள் இழுத்தன. வாளி நிறைந்து தளும்பிக்கொண்டு மேலே வந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். ஐயா அதைப் பிடித்துக் கொட்டக் கை நீட்டுவதற்குள் நான் அவசரப்பட்டேன்.

"இப்ப சுத்துங்க!"

சுற்றினார்கள். கயிறு ஐயாவின் இடுப்பில் பட்டது.

"டீச்சர்..." என்றார் ஐயா.

"நிக்காதே, சுத்து!" என்றேன் நான், மாட்டைப் பார்த்து. ஐயாவைப் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் எனக்கு என் கமலைதான் தெரிந்தது. இரண்டாவது சுற்றில் அவர் கைகள் உடம்போடு சேர்ந்தன. மூன்றாவது சுற்றில் அவர் டிரம்மோடு சேர்ந்தார். தாமசுக்கும் முனியாண்டிக்கும் அதற்கு மேல் கயிறு இல்லை. வாளி உத்தரத்தில் இடித்துக்கொண்டு நின்றது. இறங்கவே இல்லை.

"சரோஜா" என்றார் ஐயா. டீச்சர் போய்ச் சரோஜா ஆகியிருந்தேன். "என்னை அவுத்து விடும்மா."

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நாற்பது பிள்ளைகள் ஹெட்மாஸ்டரைக் கட்டிப் போட்ட கயிற்றையே பார்த்துக்கொண்டு மூச்சு விடாமல் நின்றார்கள். பதற்றத்தில் நான் "விடுங்கடா!" என்று கத்தினேன். மாடுகள் சொன்ன சொல் தட்டாதவை, விட்டுவிட்டன. முழு வாளி நீரும் உச்சியிலிருந்து டிரம்முக்குள் விழுந்தது. தெறித்த தண்ணீரில் பாதி ஐயாவுக்கு. மீதி இன்ஸ்பெக்டருக்கும் அவர் குறிப்பேட்டுக்கும் என் அறிக்கைக்கும்.

இன்ஸ்பெக்டர் சட்டையிலிருந்து நீரை உதறினார். என்னைப் பார்க்கவில்லை. "அந்தப் பெண் வரட்டும்" என்றார். வள்ளியைக் காட்டினார்.

வள்ளி என் முகத்தைப் பார்த்தாள். உட்காரு என்று சொல்வேனோ என்று பார்த்திருப்பாள். நான் ஒதுங்கி வழிவிட்டேன். அவள் ஐயாவைச் சுற்றியிருந்த கயிற்றை விடுவித்து, மாடுகளிடம் கொடுத்தாள். "நேரா போங்கடா." போனார்கள். வாளி மேலே வந்தது. "ஐயா, கொட்டுங்க." கொட்டினார். "இப்ப திரும்பாம, பின்னாலயே வாங்க. பின்னால, பின்னால."

தாமசும் முனியாண்டியும் பின்னோக்கி நடந்தார்கள். வாளி மெதுவாக, எவர் மேலும் படாமல், டிரம்முக்குள் இறங்கியது.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"எங்கப்பா வின்ச்சில அப்படித்தான். சுத்தின கயிறு திரும்பி வந்தாத்தான் கொக்கி இறங்கும். அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு போறப்ப பார்த்திருக்கேன். புஸ்தகத்திலயும் அப்படித்தானே போட்டிருக்கு" என்றாள் பர்மிய மொழியில்.

அவள் புத்தகத்தை அவர் என்னிடம் நீட்டினார். 'பின்னோக்கி'யின் மேல் நான் அடிக்கச் சொன்ன சிவப்புக் கோடு. அதன் மேல் நான் எழுதச் சொன்ன சிவப்பு வார்த்தை. அதற்கும் மேல், ஓரத்தில் இடம் இல்லாமல், பொடிப் பொடியாகப் பென்சிலில் மறுபடியும் 'பின்னோக்கி'.

"சயாமா, கமலையை எங்கே பார்த்தீர்கள்?" என்று கேட்டார். (பர்மிய மொழியில் டீச்சரம்மா என்றால் சயாமா, ஆண் வாத்தியார் என்றால் சயா.)

"பார்த்ததில்லை" என்றேன்.

"நான் பார்த்திருக்கிறேன். வாலிபத்தில் இரண்டு வருஷம் கோயம்புத்தூர்ப் பக்கம் விவசாயம் படித்தேன். காலையில் ஜன்னலைத் திறந்தால் கமலைதான். ஓட்டுகிறவர் கயிற்றின் மேல் உட்கார்ந்து பாடுவார்."

முற்றத்தில் இத்தனை தமிழர் நின்றோம். கமலை பார்த்த ஒரே ஆள் அந்த பர்மாக்காரர்! பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது. அது பிளக்கவில்லை.

இன்ஸ்பெக்டரும் ஈர வேட்டியோடு ஐயாவும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நானும் ஆரோக்கியம் சாரும் வெளியே பெஞ்சில். உள்ளே பேச்சுக் கேட்டது, வார்த்தை புரியவில்லை. ஒரு முறை ஐயா "ஒரே ஒருத்தரா?" என்று கேட்டது மட்டும் தெளிவாகக் கேட்டது. ஆரோக்கியம் சார் கண்ணை மூடிக்கொண்டார். உதடு அசைந்தது, ஜெபம் செய்கிறார் என்று தெரிந்தது.

"சார், உங்க வேலையை நானே கெடுத்துட்டேன்" என்றேன். அழுதேன். நாசூக்காக எல்லாம் இல்லை, மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன். "நீங்க அன்னைக்கே கேட்டீங்க. நான்தான் திமிர் பிடிச்சுப் போய்..."

அவர் கைக்குட்டையை நீட்டினார். ஏற்கெனவே அவர் வியர்வையில் நனைந்த கைக்குட்டை.

"நானுந்தான டீச்சர் அடிச்சேன்? எனக்குச் சந்தேகமா இருந்தது. இருந்தும் உங்க மையையே தொட்டு அடிச்சேன். பதினஞ்சு வருஷம் பாடம் நடத்தினவன், ஒரு வார்த்தை அழுத்திச் சொல்லலை. வேலை போனா என் தப்பும் அதில இருக்கு."

அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் தப்பில் பங்கு கேட்டதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கதவு திறந்தது. உள்ளே கூப்பிட்டார்கள். என் அறிக்கை மேஜை மேல் விரித்துக் காயப் போட்டிருந்தது. தண்ணீர் பட்டு மார்க்குகள் எல்லாம் கரைந்து ஒன்றோடொன்று கலந்திருந்தன.

"நாற்பது பிள்ளைகள்" என்று ஆரம்பித்தார் இன்ஸ்பெக்டர். "ஏரியை ஒப்பித்தார்கள். கமலையில் முப்பத்தொன்பது பேர் சயாமாவை நம்பினார்கள். அதற்கு அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஒரே ஒருத்தி தனக்குத் தெரிந்த ஜெட்டியை வைத்துக்கொண்டு, தெரியாத கிணற்றைப் படித்தாள். இந்தப் புத்தகத்தால் ஏதாவது தெரிய வருகிறதா என்று பார்க்க வந்தேன். வருகிறது. குறுக்கே யாரும் நிற்காவிட்டால் வருகிறது."

யார் குறுக்கே நின்றது என்று அவர் சொல்லவில்லை. எல்லோரும் நாகரிகமாக வேறு பக்கம் பார்த்தார்கள்.

"தமிழ் மணி அப்படியே இருக்கட்டும். இரண்டு பேரும் இருக்கட்டும். இடம் மட்டும் மாறட்டும். ஐந்தாம் வகுப்புக்குச் சயா ஆரோக்கியம். சயாமா முதல் வகுப்புக்கு."

ஆரோக்கியம் சார் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். பிறகு "நன்றிங்க" என்று தமிழில் சொல்லிவிட்டு, இன்ஸ்பெக்டருக்குப் புரியுமோ என்ற சந்தேகத்தில் பர்மிய மொழியிலும் சொன்னார். நான் மறுபடி அழ ஆரம்பித்தேன். இந்த முறை கைக்குட்டை கொடுக்க ஆளில்லை.

"ஒரு நிமிஷம்" என்று என்னை நிறுத்தினார் இன்ஸ்பெக்டர். "அறிக்கையைத் திரும்ப எழுதிக் கொடுக்க வேண்டும். உங்கள் மூன்று கட்டமும் நன்றாக இருக்கிறது. நாலாவது ஒன்று போடுங்கள்: ஆசிரியர் இதைப் பார்த்திருக்கிறாரா?"

வீட்டுக்குப் போய் நாலாவது கட்டத்தை நிரப்பினேன். நெல்: பார்த்திருக்கிறேன். நாற்று நடுதல்: ரயிலிலிருந்து. கரும்பு: தின்றிருக்கிறேன். மதகு: இல்லை. களம்: இல்லை. காங்கேயம் காளை: இல்லை, இல்லை, இல்லை. முப்பதில் ஒன்பதுதான் தேறியது. கமலைக்கு நேரே 'இல்லை. டிரம்மில் மட்டும்' என்று எழுதினேன். அந்த மார்க்கை இரண்டிலிருந்து பத்தாகத் திருத்தினேன். என் வாழ்க்கையில் நான் சரியாகச் செய்த முதல் திருத்தம் அதுதான்.

பிறகு அந்த 'இல்லை'களை ஒவ்வொன்றாக ஒழிக்கப் புறப்பட்டேன். கப்பலேறி வந்த ஜெட்டிக்காரர்களை வழிமறித்து மதகு எப்படி இருக்கும், களத்தில் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். கேட்டதை எழுதி ஆரோக்கியம் சாரிடம் கொடுத்தேன். அவர் அதைப் பிள்ளைகளுக்குச் சொன்னார். பள்ளிக்கூடமே சர்க்கார் கைக்கு மாறும் வரை ஐந்தாம் வகுப்பு அவரிடம்தான் இருந்தது. மூத்த பெண் கல்யாணத்துக்கு எனக்கு முதல் வரிசையில் நாற்காலி போட்டார். பத்திரிகையில் இரண்டு பிழை. நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

வீட்டில் மட்டும் என் பிழைப்பு சிரிப்பாய்ச் சிரித்தது. இன்ஸ்பெக்டர் வந்த அன்று சாயங்காலம், ஏன் முகம் இப்படி வீங்கியிருக்கிறது என்று அம்மா கேட்டாள். நடந்ததைச் சொன்னேன். எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார்கள். சொல்லி முடித்த கையோடு, தம்பி கணேசன் சாதத்தைப் பிசைகிற விதம் சரியில்லை என்று பட்டது. "அப்படி இல்லடா..." என்று ஆரம்பித்தேன். அவன் தட்டோடு எழுந்தான். என்னைப் பார்த்தபடியே ஓர் அடி பின்னால் வைத்தான். இன்னொரு அடி. அப்படியே பின்னோக்கி நடந்து சமையலறைக்குள் போய்விட்டான். அம்மாவுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது.

அன்று பிடித்தது சனி. என்னைப் பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளையின் அப்பா ஏதோ ஊர்ப் பெயரைச் சொல்ல, நான் "அது அப்படி இல்லைங்க" என்று திருத்த, கணேசன் பலகாரத் தட்டோடு கூடத்தை விட்டுப் பின்னாலேயே நடந்து போனான். மாப்பிள்ளை விசாரித்திருக்கிறார். கதையைக் கேட்டுச் சிரித்த சிரிப்பில் அங்கேயே சம்மதம் சொல்லிவிட்டார். கல்யாணமான ஒரு மாதத்தில் அவரும் பின்னோக்கி நடக்கப் பழகிவிட்டார். பிறகு பிள்ளைகள். இப்போது ரங்கூன் ஓரத்து லைங் தாயாவில் தையல் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பேத்தி வரைக்கும் வந்துவிட்டது. அவளுக்குத் தமிழ் கேட்டால் புரியும், பேச வராது. இந்த நடை மட்டும் சுத்தமாக வரும்.

இதை எழுதி முடித்து, போன ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் உட்கார வைத்து வாசித்துக் காட்டினேன். ஆரோக்கியம் சார் கைக்குட்டை கொடுத்த இடத்தில் என் குரல் உடைந்தது. மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாவம்மா அந்த ஹெட்மாஸ்டர், ரெண்டு சுத்துக் கயிறும் அவர் மேலதானா?" என்றாள்.

"ரெண்டு இல்லடி, மூணு" என்றேன்.

நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தேன். மகளும் மருமகனும் பேத்தியும் என்னைப் பார்த்தபடியே, வரிசையாக, வாசல் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள்.